மூன்று லட்சம் முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை

உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரை எது என்று கேட்டால் ஐன்ஸ்டைன் எழுதியது என்பார்கள் சிலர். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை என்பார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை. ஆலிவர் லௌரி என்ற அமெரிக்க மருந்தியல் பேராசிரியர் இன்னும் மூன்று பேருடன் சேர்ந்து 1951-ல் எழுதிய பதினோரு பக்கக் கட்டுரைதான் அது. கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளப்பது எப்படி? அவ்வளவுதான் விஷயம்!

உயிர்வேதியியல் படித்தவர்களுக்கு லேபில் 'லௌரி மெத்தட்' பழகிய பெயராக இருக்கும். காரக் கரைசலில் செம்பு புரதத்தோடு சேர்கிறது. பிறகு ஃபோலின் வினைபொருளை ஊற்றினால் நீலநிறம் வருகிறது. நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். இந்த வினைபொருளைக் கொண்டு புரதத்தை அளக்க முடியும் என்பது 1920களிலேயே தெரிந்த விஷயம்தான். லௌரி செய்தது, யார் செய்தாலும் ஒரே விடை வரும்படி அதை ஒழுங்குபடுத்தியது. 0.2 மைக்ரோகிராம் புரதத்தைக்கூட அளக்கலாம். பழைய பையூரெட் முறையைவிட நூறு மடங்கு நுட்பம். என்சைம் ஆராய்ச்சி சூடு பிடித்திருந்த காலம் அது. சோதனைக்குழாயில் எவ்வளவு புரதம் என்று தெரியாமல் என்சைமின் வேகத்தைச் சொல்லவே முடியாது. எல்லோருக்கும் இந்த முறை தேவைப்பட்டது.

லௌரி 1910-ல் சிகாகோவில் பிறந்தவர். 1937-ல் ஹார்வர்டில் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லப்பிரகத சுப்பாராவ் அப்போது அதே துறையில்தான் இருந்தார். பாஸ்பரஸை நிறத்தை வைத்து அளக்கும் முறை பற்றி ஃபிஸ்க்குடன் அவர் 1925-ல் எழுதிய கட்டுரையும் ஏராளமாக மேற்கோள் காட்டப்பட்டதுதான். அளக்கும் முறையைச் சொல்பவர்களுக்கு அப்படி ஒரு யோகம்!

1947-ல் லௌரி செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறைத் தலைவரானார். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். புரத முறையை அச்சில் கொண்டுவர அவர் அவசரப்படவில்லை. சக ஆய்வாளர்கள் ஏற்கெனவே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தங்கள் கட்டுரைகளில் காட்ட ஒரு மேற்கோள் வேண்டும், எழுதுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். பின்னால் 1971-ல் நோபல் பரிசு பெற்ற ஏர்ல் சதர்லாந்தும் அவர்களில் ஒருவர். எழுதி அனுப்பியதும் இதழ் என்ன செய்தது? மிக நீளம், நன்றாகக் குறையுங்கள் என்று திருப்பி அனுப்பியது!

மேற்கோள்களை எண்ணும் பழக்கமே பிறகுதான் வந்தது. யூஜின் கார்ஃபீல்ட் 1955-ல் சொன்ன யோசனை, 1964-ல் 'சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' என்று வெளிவந்தது. எண்ணிப் பார்த்தால் லௌரி எல்லோருக்கும் மேலே. 2014-ல் நேச்சர் இதழ் வெளியிட்ட முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில் இதற்கு 3,05,148 மேற்கோள்கள். இரண்டாம் இடத்தில் லெம்லி (1970), மூன்றாம் இடத்தில் பிராட்ஃபோர்ட் (1976). இரண்டும் புரத ஆய்வு முறைகளே. நூறாவது இடத்துக்கே 12,119 மேற்கோள் தேவைப்பட்டது. வாட்சன், கிரிக் கட்டுரை அந்தப் பக்கமே வரவில்லை. இரட்டைச் சுருள் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டது, அதற்கு யார் மேற்கோள் போடப் போகிறார்கள்? செய்முறைப் பகுதியில் 'லௌரி முறைப்படி அளந்தோம்' என்று எழுதும்போது மேற்கோள் போட்டே ஆகவேண்டும்.

லௌரிக்கு இது தெரிந்தே இருந்தது. அறிவியல் வரலாற்றாளர் டெரக் டி சோலா பிரைஸுக்கு 1969-ல் எழுதிய கடிதத்தில், இது பெரிய கட்டுரை இல்லை என்று ஒப்புக்கொண்டார். கூடவே, உள்ளூர ஒரு சந்தோஷம் இருப்பதையும் மறைக்கவில்லை.

அவர் உண்மையில் உழைத்தது வேறு இடத்தில். ஒரே ஒரு நரம்புச் செல்லை எடுத்து, குவார்ட்ஸ் இழையால் செய்த தராசில் நிறுத்து, அதற்குள் இருக்கும் என்சைம்களை அளந்தார். மூளைக்கு ரத்தம் நின்றுபோனால் குளுக்கோஸ் எரியும் பாதையில் எந்தெந்தப் பொருள் எப்படி மாறுகிறது என்று 1964-ல் சகாக்களோடு வெளியிட்டார். மூளை ஆராய்ச்சிக்காரர்களிடம் கேட்டால் இதைத்தான் பெரிய வேலை என்பார்கள். மேற்கோள் எண்ணிக்கையில் புரதக் கட்டுரைக்குப் பக்கத்தில்கூட இது நிற்க முடியாது.

1990-ல் தன் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மேதையாக இல்லாமலே ஆராய்ச்சியில் வெற்றி பெறுவது எப்படி என்பது அதன் தலைப்பு. 1996-ல் காலமானார். டிடர்ஜென்ட் கலந்தால் அவருடைய முறை குழப்பிவிடும். பலர் வேறு முறைகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் லௌரி முறைக்கான ரெடிமேட் கிட்கள் இன்றும் விற்பனையாகின்றன.