பற்றீரியாவின் கத்தியும் சலரோக ஊசியும்



சலரோகத்துக்கு ஊசி போடுகிற ஒருவரையாவது தெரியாத வீடு எங்களிடையே குறைவு. அந்த இன்சுலின் ஒரு காலத்தில் மாட்டினதும் பன்றியினதும் கணையத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. எங்களுக்குப் பன்றி விலக்கு. சைவக்காரருக்கு மாடு ஆகாது. உயிர் காக்க வேறு வழியில்லை என்றால் மார்க்கம் இடம் தருகிறது. என்றாலும் மனம் உறுத்தத்தானே செய்யும்? இந்த நிலை எப்படி மாறியது என்ற கதை பக்கத்து நாட்டு ஆற்றில் தொடங்குகிறது.

1896இல் ஆக்ராவில் ஆய்வு செய்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி விரைவில் சாவதைக் கண்டார். நீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விட்டது. 1917இல் பிரான்சில் பெலிக்ஸ் டெரெல், பற்றீரியாவை அழிக்கும் வைரசுக்குப் 'பற்றீரியோபேஜ்' என்று பெயர் வைத்தார். ஹான்கின் கண்டதும் இதன் வேலையாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் கருதினர்.

தாக்க ஒன்று இருந்தால் தடுக்கவும் ஒன்று வேண்டுமே. 1952, 1953 ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு புதுமை தெரிந்தது. ஓர் இனப் பற்றீரியாவில் வளர்ந்த வைரசு இன்னோர் இனத்தில் வளரத் திணறியது. 1962இல் ஜெனீவாவில் வேர்னர் ஆர்பர் காரணத்தைக் காட்டினார்: உள்ளே வரும் வைரசின் டிஎன்ஏயைப் பற்றீரியா துண்டாக்குகிறது. வெட்டுவது றெஸ்ரிக்சன் நொதியம். தன் டிஎன்ஏ வெட்டுப்படாமலிருக்க, மாட்டுக்குக் குறி சுடுவதுபோல, பற்றீரியா அதில் மெதைல் என்ற சிறு குறியை முன்பே பதித்து வைக்கிறது.

ஆனால் இந்தக் கத்திகள் எல்லாம் ஒரே மாதிரியல்ல. 1968இல் பிரித்தெடுத்த முதல் வகை, தன் அடையாள எழுத்துகளை ஓரிடத்தில் கண்டு, ஆயிரம் எழுத்துக்கும் அப்பால் எங்கேயோ வெட்டும். மூன்றாம் வகை ஏறக்குறைய 25 எழுத்துத் தள்ளி வெட்டும். இரண்டாம் வகையோ அடையாளம் கண்ட இடத்திலேயே, ஒவ்வொரு முறையும் அதே புள்ளியில் வெட்டும். இதை 1970இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹமில்ற்றன் ஸ்மித் கண்டார். அங்கேயே டானியல் நாதன்ஸ் அதைக்கொண்டு ஒரு வைரசின் டிஎன்ஏயை 11 துண்டுகளாகப் பிரித்தார். ஆர்பர், ஸ்மித், நாதன்ஸ் மூவருக்கும் 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் வகைக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஸ்மித் கண்டது நேராக வெட்டும். ஈகோ-ஆர்-1 என்பது 'ஜீ ஏ ஏ ரீ ரீ சீ' என்ற ஆறு எழுத்தைக் கண்டால் படிபோல வெட்டி, ஒட்டும் முனைகளை விடும். அதே கத்தியால் வெட்டிய எந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். இப்படி வெட்டி ஒட்டித்தான் 1978இல் இன்சுலினுக்குரிய மரபணுவைப் பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். 1982இல் அந்த மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

இன்றைய மனித இன்சுலின் பற்றீரியாவிலோ மதுவத்திலோ வளர்த்து எடுப்பது; பன்றியின் கணையமோ மாட்டின் கணையமோ அதற்குத் தேவையில்லை. பழைய கதையைக் கேட்டு ஊசியைத் தள்ளிப்போடுகிற பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை வாசித்துக் காட்டுங்கள்.