கல்லும் அதன் சீட்டும்

ஈயச் சுரங்கம் என்றால் என்னவென்று நம் நாட்டில் அறியாதவர் குறைவு. கிந்தாப் பள்ளத்தாக்கில் மண்ணைத் தண்ணீரால் கரைத்து, பாலோங் என்னும் நீண்ட மர வாய்க்காலில் ஓடவிட்டு, அடியில் கறுப்பாகத் தங்கும் ஈயத் தாதை வாரிச் சேர்த்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஈயமும் செம்பும் கடினமான பாறைக்குள் கிடந்தன. மெழுகுவத்தியைக் களிமண்ணால் தொப்பியில் ஒட்டிக்கொண்டு, ஏணி ஏணியாகத் தொழிலாளர்கள் கீழே இறங்கினார்கள். டோல்கோத் என்ற சுரங்கம் 3,000 அடிக்கும் ஆழமாகச் சென்றது. பேராக்கில் ஈயம் எடுத்த பிரிட்டிஷ் கம்பெனிகள் சில, கார்ன்வாலில் உள்ள ரெட்ருத் என்னும் ஊரில் தலைமை அலுவலகம் வைத்துத்தான் நடந்தன.

அந்தச் சுரங்கங்களிலிருந்து உலைக்குப் போன உலோகத்தைப் பற்றி நான் இன்று பேசப்போவதில்லை. உலைக்குப் போகாமல் தப்பிய சில அழகிய கற்களின் வரலாற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

பாறையின் வெடிப்புகளில் பழங்காலத்தில் சூடான நீர் ஊறிச் சென்றது. அந்த நீரில் கரைந்திருந்த கனிமங்கள் சிறுகச் சிறுகப் படிந்தன. வெற்றிடமான பொந்து அகப்பட்ட இடத்தில் அவை தடையின்றி வளர்ந்து, கூர்மையும் பளபளப்பும் உள்ள படிகங்களாயின. ஆனால் கம்பெனிக்கு வேண்டியது எடை. படிகமானாலும் பொடியானாலும் உலோகம் ஒன்றுதான். ஆகவே, கண்ணைப் பறிக்கும் கற்கள் எத்தனையோ சம்மட்டிக்கும் இடிக்கும் இயந்திரத்துக்கும் இரையாயின. தப்பியவை தொழிலாளி ஒருவர் கைநீட்டி எடுத்து வைத்ததால் தப்பியவை.

அப்படி எடுத்த கல்லை என்ன செய்வது? 1696-ஆம் ஆண்டில் ஜான் உட்வார்டு என்ற அறிஞர் இதற்கு வழிமுறை ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அது எந்த இடத்தில் கிடைத்தது என்பதையும் மற்ற விவரங்களையும் அந்த எண்ணுக்கு நேரே எழுதிவைக்க வேண்டும் என்றார். அவர் 1728-இல் காலமானார். அவருடைய சேகரிப்பு, அவர் வைத்திருந்த மர அலமாரிகளுடனேயே இன்றும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கார்ன்வாலில் மெனபிலி என்ற இடத்தில் பிலிப் ராஷ்லி என்னும் நிலப்பிரபு வாழ்ந்தார். 1729-இல் பிறந்து 1811-இல் மறைந்தவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் கற்களை அவர் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். சேர்த்ததை அறையில் பூட்டி வைக்கவில்லை. ஓவியர்களைக் கொண்டு வரைவித்து, கையால் வண்ணம் தீட்டிய படங்களுடன் 1797-இலும் 1802-இலும் இரண்டு பாகங்களாகப் புத்தகம் வெளியிட்டார். மெனபிலிக்கு வர முடியாதவரும் அந்தக் கற்களைக் கண்டு படிக்க முடிந்தது. அவருடைய சேகரிப்பின் பெரும்பகுதி இன்று ட்ருரோ நகர அரும்பொருளகத்தில் பொதுமக்களுக்கு உரியதாக இருக்கிறது.

அந்த நூலில் அவர் காட்டிய கற்களில் ஒன்று பின்னாளில் பூர்னொனைட் எனப் பெயர் பெற்றது. காரீயம், செம்பு, ஆண்டிமனி, கந்தகம் ஆகியவை கூடிய கனிமம் அது. அதன் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும்போது கடிகாரத்தின் பல்சக்கரம் போலவே தோன்றும். கார்ன்வாலில் ஹெரட்ஸ்புட் என்ற காரீயச் சுரங்கத்தில் 1850-களுக்கும் 1870-களுக்கும் இடையே கிடைத்த பூர்னொனைட் உலகப் புகழ் பெற்றது. அது இடிபட்டிருந்தால் சில அவுன்சு காரீயம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கற்களைத் தொழிலாளிகள் எப்படிப் பார்த்தார்கள்? வடஇங்கிலாந்தில் வியர்டேல், ஆல்ஸ்டன் மூர் ஆகிய பகுதிகளில் காரீயச் சுரங்கங்கள் இருந்தன. எடுத்த தாதின் அளவுக்கே கூலி. கல்தூசி நுரையீரலை அரித்ததால் பலர் நடுவயதிலேயே மாண்டனர். சட்டப்படி கற்கள் தொழிலாளிக்குச் சொந்தமல்ல. ஆயினும் அழகிய துண்டு அகப்பட்டால் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சிலர் விற்று நாலு காசு பார்த்தார்கள். வேறு சிலர் மரப்பெட்டி செய்து, முகப்பில் கண்ணாடி பதித்து, உள்ளே கற்களைக் குகை போலவும் தெரு போலவும் அடுக்கினார்கள். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி வைத்து, மெழுகுவத்தி ஏற்றினால் பெட்டி முழுவதும் மின்னும். 1880-களில் வியர்டேலில் இப்படிப்பட்ட பெட்டிகளின் கண்காட்சியும் நடந்தது. இருட்டில் உழைத்தவர்கள் தங்கள் சுரங்கத்தின் அழகைப் பெண்டு பிள்ளைகளுக்கும் ஊராருக்கும் வெளிச்சத்தில் காட்டிய முறை இது. கில்ஹோப் என்ற பழைய சுரங்கத்தில் அமைந்த அரும்பொருளகத்தில் அத்தகைய பெட்டிகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன.

கல்லைச் சேர்ப்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடக் கூடாது. 1791-இல் வில்லியம் கிரெகோர் என்ற கார்ன்வால் பாதிரியார், மனக்கன் என்னும் சிற்றூர் ஓடையின் கறுப்பு மணலை ஆராய்ந்து, அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் அதில் இருப்பதைக் கண்டார். இன்று விமானங்களுக்குப் பயன்படும் டைட்டானியம் அதுதான். நம் ஈயச் சுரங்கங்களில் ஈயம் பிரித்த பின் மிஞ்சும் 'அமாங்' மணலிலும் அதே தாது நிறைய உண்டு. 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி, சில பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கி, தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதை விளக்கினார். அதற்கு 'புளோரசென்ஸ்' என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஆல்ஸ்டன் மூரில் கிடைக்கும் புளோர்ஸ்பார் என்ற கல்லின் பெயரிலிருந்து வந்தது. குழல் விளக்கை நாம் புளோரசென்ட் விளக்கு என்பதும் அதனால்தான்.

சேர்த்தவர் மறைந்த பின் சேகரிப்புக்கு ஆபத்து வருகிறது. வாரிசுகள் ஏலம் விடுவார்கள். கல் ஒரு பக்கம் போகும், சீட்டு ஒரு பக்கம் போகும். போட்டிக்காரர் அறியக்கூடாது என்று, கிடைத்த இடத்தை மறைத்து விற்ற வியாபாரிகளும் உண்டு. இடம் தெரியாத கல் ஊர் பேர் இல்லாத அனாதை போன்றது. அழகு இருக்கும், சொல்வதற்கு வரலாறு இருக்காது.

இதை நன்கு உணர்ந்தவர் சர் ஆர்தர் ரசல். 1878-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே கல் சேர்க்கத் தொடங்கினார். கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள்ளும் தாமே இறங்கிப் பார்த்தார். சிதறவிருந்த பழைய சேகரிப்புகளை வாங்கி, பழைய சீட்டுகளைக் கல்லோடு காத்தார். 1938-இல் கார்ன்வாலில் கிடைத்த புதிய கனிமம் ஒன்றுக்கு ரசலைட் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1964-இல் அவர் மறைந்தபோது, 12,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கனிமங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குச் சேர்ந்தன. 1972-இல் அவர் பெயரால் ஒரு சங்கம் தோன்றியது. பேராசிரியர்களும் சாதாரண மக்களும் அதில் சேர்ந்து, கண்டதைப் பதிவு செய்து பகிர்ந்து வருகிறார்கள்.

அந்தச் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கின்றன, தண்ணீர் நிறைந்துவிட்டது. கார்ன்வாலில் கடைசிவரை ஈயம் எடுத்த சவுத் குரோப்டி சுரங்கமும் 1998-இல் மூடப்பட்டது. கோர்லண்டு சுரங்கத்தின் ஆகாய நீல லிரோகொனைட் கல்லுக்கு ஈடான ஒன்று வேறெங்கும் கிடைத்ததில்லை. அன்று எடுத்து வைத்ததுதான் இன்று நம்மிடம் உள்ளது.

ஒரு குறை மட்டும் தீராமல் நிற்கிறது. அந்தச் சீட்டுகளில் சுரங்கத்தின் பெயர் உண்டு. வாங்கிய பிரபுவின் பெயர் உண்டு. பொந்துக்குள் கையை நீட்டி முதலில் எடுத்த தொழிலாளியின் பெயரோ மிக அரிதாகவே காணப்படும். அவர் எழுதிவைக்கவில்லை, அவருக்காக எழுதுவோரும் இல்லை.

நேயர்களே, தோட்டத் துண்டாடலையும் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதையும் நாம் கண்டிருக்கிறோம். தாத்தா பால்மரம் சீவிய கத்தி, பாட்டி வைத்திருந்த சம்பளச் சீட்டு, லயத்தின் முன் எடுத்த ஒரு புகைப்படம் நம் வீடுகளில் எங்கோ இருக்கும். அதை எடுத்துத் துடைத்து, யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும். தெரிந்த பெரியவர் சொல்லட்டும். அந்தச் சீட்டில் உழைத்தவர் பெயரே முதலில் இருக்கட்டும்.