மதியிறுக்கமும் டிக் அசைவுகளும்

டிக் என்பது பிள்ளையின் விருப்பமின்றித் திடீரென எழுந்து, நொடியில் முடிந்து, மீண்டும் மீண்டும் வரும் அசைவு அல்லது ஒலி. கண் சிமிட்டல், மூக்கைச் சுளித்தல், கழுத்தை வெட்டுதல், தோள் குலுக்கல் ஆகியவை முதல் வகை. தொண்டையைச் செருமுதல், மூக்குறிஞ்சல், முனகல் ஆகியவை இரண்டாம் வகை. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் கூடி, பதின்ம வயதின் பிற்பகுதியில் பலருக்குத் தணிந்துவிடும். பல அசைவு டிக்குகளும் குறைந்தது ஓர் ஒலி டிக்கும் வந்து, ஓராண்டுக்கு மேல் நீடித்தால் அது டூரெட் நோய்க்குறி. இத்தகைய ஒன்பது பேரைப் பற்றி 1885இல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் ஜில் டி லா டூரெட்டின் பெயரே அதற்கு வழங்குகிறது.

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கமுள்ள சிறாரிடம் டிக் அதிகம் காணப்படுகிறது. இத்தாலியில் 105 பிள்ளைகளைக் கொண்டு 2007இல் வெளியான ஆய்வில் 22 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. சிங்கப்பூரில் 150 பிள்ளைகளில் ஒருவருக்கு மதியிறுக்கம் என மதிப்பிடப்படுகிறது.

சிக்கல் அடையாளம் காண்பதில்தான். மதியிறுக்கமுள்ள சிறுவன் ஒருவன் தேக்கா உணவங்காடி நிலையத்தில் சுழலும் மின்விசிறியைப் பார்த்து இரு கைகளையும் படபடவென்று அடித்துக்கொள்கிறான். அது டிக் அன்று. ஒரே சீரான தாளத்தில், ஒரே வடிவில் வரும்; பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கும்; பெயர் சொல்லி அழைத்தால் பல வேளைகளில் நிற்கும். மகிழ்ச்சியிலோ பதற்றத்திலோ அவன் தன்னை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி அது. அதே சிறுவன் ஏழு வயதில், தோசையைப் பிட்டுக்கொண்டிருக்கும்போதே கழுத்தை ஒரு பக்கமாக இருமுறை வெட்டுகிறான். சற்று ஓய்ந்து மறுபடியும் வெட்டுகிறான். தாளமில்லை, அதில் அவனுக்கு இன்பமுமில்லை. அடுத்த மாதம் கழுத்து நின்று கண் தொடங்கலாம். இது டிக். கூப்பிட்டும் திரும்பாமல் வெறித்து நின்று இமை துடித்தால் வலிப்பாகவும் இருக்கக்கூடும். மதியிறுக்கத்துடன் வலிப்பு சேர்ந்து வருவது அரிதல்ல என்பதால், மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. நேரில் சொல்லும் வருணனையைவிடக் கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காணொளி அவருக்கு அதிகம் சொல்லும்.

டிக் வருமுன் உடலின் அந்த இடத்தில் பலருக்கு ஓர் உந்துதல் எழும். தும்மல் முட்டுவதைப் போல, சிறிது நேரம் அடக்கலாம். முழுதாக நிறுத்த முடியாது. மூளையின் அடிமுடிச்சுகளையும் புறணியையும் இணைக்கும் சுற்றுகளில் உள்ள வேறுபாடே இதன் வேர்; வளர்ப்பின் குறையன்று. பகலெல்லாம் பள்ளியில் அடக்கிவைத்த பிள்ளை வீட்டுக்கு வந்ததும் தொடர்ந்து செருமும். அதை அடம் என்று நினைத்து, ‘சும்மா இரு’ என்று அதட்டினால் பதற்றம் கூடும், டிக்கும் கூடும். மதியிறுக்கமுள்ள பிள்ளைக்குத் தன் உந்துதலை வார்த்தையில் சொல்வதும் கடினம். அப்பிள்ளையைத் திட்டுவது பெரும் அநீதி. பாட்டி சுற்றிப் போடுவதால் கேடில்லை. அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதால்தான் கேடு.

பலருக்கு மருந்தே தேவைப்படாது. உந்துதலை உணர்ந்து மாற்று அசைவால் எதிர்கொள்ளும் பயிற்சியை 1973இல் உளவியலாளர்களான அஸ்ரினும் நன்னும் வகுத்தனர். சொல் குறைந்த பிள்ளைகளுக்குப் படங்களைக் கொண்டு அதை எளிதாக்க வேண்டியிருக்கும். வலியோ காயமோ உண்டானால் குளோனிடின், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளை மருத்துவர் தரலாம். அரிபிப்ரசோல் உடல் எடையைக் கூட்டக்கூடும்.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகமே பலருக்கு முதல் வாசல். பாலர் பள்ளி வயதினர், லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்பப்படுவர். பள்ளி மாணவர்களை மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டு மருந்தகம் பார்க்கிறது. 2000இல் தோன்றிய ஆட்டிசம் வள நிலையம் மதியிறுக்கமுள்ள மாணவர்களுக்காக நடத்தும் பாத்லைட் பள்ளி 2004 முதல் இயங்குகிறது. வழக்கமான பள்ளிகளில் படிப்போர், தேசியத் தேர்வுகளில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம்.