தேவபயம் என்றால் கடவுளைக் கண்டு நடுங்குவதா?

அந்தமான் நிக்கோபாரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கிறிஸ்தவர் (2011 கணக்கெடுப்பில் சுமார் 21%). ஜங்லிகாட்டில் வேலை பார்ப்பவர் என்றால், "அவர் தேவபயம் உள்ளவர்" என்ற பாராட்டை நீங்களும் கேட்டிருக்கலாம். பயம் எப்படிப் பாராட்டு ஆகும்?

தண்டிப்பார்ங்கற பயமா?
அது மட்டும் இல்லை. பைபிளின் எபிரேயச் சொல்லான 'யிர்ஆ' அச்சம், வியப்பு, பணிவு எல்லாவற்றையும் குறிக்கும். 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதில் பல வகைகளைப் பிரித்துக் காட்டினார்; அவற்றில் இரண்டு முக்கியம். தண்டனைக்கு அஞ்சுவது அடிமையின் பயம். அன்பான தந்தையை நோகடித்து, அவரை விட்டு விலகிவிடக் கூடாதே என்பது பிள்ளையின் பயம். கத்தோலிக்கர்கள் இறையச்சத்தைத் தூய ஆவியின் 7 கொடைகளில் ஒன்றாக எண்ணுகிறார்கள்.

ஒருவரிடம் இருக்குன்னு எப்படித் தெரியும்?
எளியவரை நடத்தும் விதத்தில். காது கேளாதவரைத் திட்டாதே, பார்வையற்றவர் வழியில் தடை வைக்காதே என்னும் லேவியராகமம் 19, அதே இடத்தில் கடவுளுக்குப் பயப்படச் சொல்கிறது. திட்டியது அவருக்குக் கேட்காது; தடை வைத்தது யாரென்று இவருக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாத இடத்தில்தான் இந்தப் பயத்துக்கு வேலை.

அதிகாரத்துக்கு அடங்கிப் போவதா?
நேர் எதிர். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் எகிப்து அரசன். மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும் மறுத்தார்கள். காரணம் தேவபயம் என்கிறது யாத்திராகமம் 1.

ஆகவே, "நான் சொன்னதைக் கேட்கலைன்னா கடவுள் தண்டிப்பார்" என்று யாராவது மிரட்டினால் யோசியுங்கள்: அவர் கேட்பது தேவபயமா, தன் மீதான பயமா?