யாருடைய பெட்டி?

சாம்ராஜ்யங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் யுத்தகளத்திலோ அரண்மனைச் சூழ்ச்சியிலோ ஆரம்பிப்பது வழக்கம். நான் சொல்லப் போகும் சரித்திரம், ஒரு பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டதில் ஆரம்பமாகிறது. மடிக்கணினி வைத்திருப்பவர்களில் சிலர், கடையிலிருந்து வந்தபோதே அதில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு, லினக்ஸ் என்று வேறொன்றைப் போட்டுக்கொள்கிறார்கள் அல்லவா? "நன்றாக ஓடுகிறதை எதற்காக மாற்ற வேண்டும்?" என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

1980-ஐ ஒட்டிய காலம். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தின் செயற்கை அறிவு ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனி ஒரு லேசர் பிரிண்டரை வெகுமானமாக அளித்தது. வேகத்தில் சூரன், ஆனால் அடிக்கடி காகிதம் சிக்கும். பிரிண்டர் இருந்த இடம் வேறு, வேலை செய்கிறவர்கள் உட்கார்ந்திருந்த இடம் வேறு. நடந்து போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர், பழைய பிரிண்டரில் இதற்கு ஒரு வழி செய்திருந்தார். அதன் நிரலைத் திருத்தி, காகிதம் சிக்கினால் காத்திருப்பவர்களுக்கு உடனே சேதி வரும்படி ஏற்பாடு செய்திருந்தார். புதிய பிரிண்டரில் அது முடியவில்லை. நிரலை மனிதர் படிக்கக்கூடிய மூல வடிவில் கம்பெனி கொடுக்கவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அது ஒருவரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரிலேயே போய்க் கேட்டார். "யாருக்கும் தருவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று அந்த மனிதர் கைவிரித்துவிட்டார்.

குழம்பைக் கொடுத்தார்கள், பக்குவத்தைச் சொல்ல மறுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் கேட்டால், "இது என்ன அநியாயம்! உப்புக் குறைந்தால் நாமே போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்பார்கள். ஸ்டால்மன் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்டுவிட வேண்டும். 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பில் கேட்ஸ், கணினிப் பிரியர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தாம் பாடுபட்டு எழுதிய நிரலைக் காசு கொடுக்காமல் பிரதி எடுத்துக்கொள்வது திருட்டு என்றும், இப்படி நடந்தால் யார்தான் நல்ல நிரல் எழுத முன்வருவார்கள் என்றும் அதில் கேட்டிருந்தார். எழுத்தை நம்பிப் பிழைக்கிற நான் இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். ஆனால் கூலி வாங்குவது ஒரு விஷயம். விற்ற பொருளைத் திறந்து பார்க்கக் கூடாது என்று பூட்டுப் போடுவது வேறு விஷயம். முதலாவதை ஒப்புக்கொண்டு இரண்டாவதை மறுக்கலாம் என்பதுதான் பின்னால் வந்த சரித்திரத்தின் சாரம்.

1983-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி ஸ்டால்மன் தம் சங்கல்பத்தை வெளியிட்டார். எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு முழு இயக்குதளம் ஒன்றை எழுதுவது. இயக்குதளம் என்பது, கணினி விழித்ததும் திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற நிரல். தம் முயற்சிக்கு 'குனு' என்று பெயரிட்டு, 1984-இல் வேலையையும் விட்டார். கதவு, ஜன்னல், கூரை என்று ஒவ்வொன்றாகத் தயாராயின. 1991 வரையில் அஸ்திவாரம் மட்டும் வந்து சேரவில்லை என்றால் வாசகர்கள் சிரிப்பீர்கள். நிலைமை அப்படித்தான் இருந்தது.

அஸ்திவாரம் வந்தது பின்லாந்திலிருந்து. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த வருஷ ஆரம்பத்தில் 386 சில்லுள்ள கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்கியிருந்தார். பாடத்துக்காக ஹாலந்துப் பேராசிரியர் டானன்பாம் எழுதிய 'மினிக்ஸ்' என்ற இயக்குதளத்தை அதில் போட்டுப் பார்த்தார். சில குறைகள் தெரிந்தன. தாமே ஒன்று எழுதத் தொடங்கினார். ஆகஸ்டு 25-ஆம் தேதி அதைப் பற்றி உலகத்துக்கு அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, குனுவைப் போலப் பெரிதாக இராது என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டார். வயது 21. அடுத்த ஆண்டு ஸ்டால்மன் வகுத்த உரிமப் பத்திரத்தின் கீழ் அதை வெளியிட்டார். வீடும் அஸ்திவாரமும் பொருந்தின.

வீடு தயாரானாலும் குடிபோவது சுலபமாக இல்லை. கடையில் வாங்குகிற கணினியில் விண்டோஸ் ஏற்கெனவே குடியிருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோசாப்ட், கணினி தயாரிப்பாளர்கள் பலரோடு ஒரு விசித்திரமான ஒப்பந்தம் வைத்திருந்தது. தயாரிக்கிற கணினியில் எதைப் போட்டாலும் சரி, பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று அந்தக் கம்பெனிக்குக் கட்டிவிட வேண்டும். 1994-இல் அமெரிக்க அரசாங்கம் தலையிட்டு இந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பழக்கம் மட்டும் போகவில்லை.

விண்டோஸ் உரிமப் பத்திரத்தில், நிபந்தனைகளுக்குச் சம்மதம் இல்லையானால் தயாரிப்பாளரிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. பொடி எழுத்தில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? ஆஸ்திரேலியாவில் ஒருவர் படித்துவிட்டார்! தம் மடிக்கணினியில் லினக்ஸ் மட்டுமே போட்டுக்கொண்ட அவர், தயாரிப்பாளரோடு மல்லுக்கு நின்று, வேண்டாத விண்டோஸுக்கான பணத்தை வாங்கியே விட்டார். செய்தி பரவியது. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி, கலிபோர்னியாவில் பாஸ்டர் சிட்டி என்ற ஊரிலுள்ள மைக்ரோசாப்ட் அலுவலகத்துக்கு லினக்ஸ்காரர்கள் ஊர்வலமாகப் போனார்கள். கம்பெனியார் கெட்டிக்காரர்கள். நல்வரவுப் பலகை வைத்து, குடிக்கப் பானமும் கொடுத்து, "பணமா? பெட்டியைத் தயாரித்தவரிடம் கேளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்து, சாப்பாடு அடுத்த வீட்டில் என்று சொன்ன கதைதான்.

மடிக்கணினியில் இன்னொரு தொல்லையும் இருந்தது. மேஜைக் கணினியில் ஒத்துவராத பாகத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகலாம். மடிக்கணினியில் தயாரிப்பாளர் வைத்ததுதான். கம்பியில்லாத் தொடர்புக்கான சில்லுகளைச் செய்த கம்பெனிகள் பல, லினக்ஸுக்கு நிரலும் தரவில்லை. அதை எப்படி இயக்குவது என்ற விவரமும் தரவில்லை. பழைய பிரிண்டர் கதையே மறுபடியும்! மூடியை மூடினால் உறங்க வேண்டிய பெட்டி உறங்காது, உறங்கினால் எழுந்திராது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு சில்லாகப் பரிசோதித்து, வருஷக்கணக்கில் உழைத்துத்தான் இவை சீராயின. 2004-இல் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் 'உபுண்டு' என்ற லினக்ஸைத் தொடங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் குறுந்தகட்டை அனுப்பிவைத்தார். சாதாரண மனிதர்களுக்கும் வாசல் திறந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கியது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தபோது, அதில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. அடுத்த வீடான கேரளத்தின் பள்ளிகளோ கட்டற்ற மென்பொருளுக்கே மாறிவிட்டன.

நானும் இந்தக் கட்டுரையை லினக்ஸில்தான் எழுதுகிறேன். சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். பத்திரிகாலயத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகளில் சில சமயம் பத்திகள் இடம் மாறி நிற்கும். சில நிரல்கள் லினக்ஸுக்கு வருவதே இல்லை. தமிழ் தட்டச்சுக்குக் குறைவில்லை. மாற நினைப்பவர்கள், ஒரு பென்டிரைவில் லினக்ஸை வைத்து, உள்ளிருப்பதைத் தொடாமலே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்வது உத்தமம்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தனி நபர்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் ஒரு வருஷம் நீட்டிக்கப்பட்டன. அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் புதிய ரகச் செயலியையும் கேட்கிறது. பாதுகாப்புக்காகத்தான் என்கிறது கம்பெனி; அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் திரை மங்காமல், விசை தேயாமல், நேற்றுவரை உழைத்த மடிக்கணினிகள் ஒரு தேதியில் கிழடாகிவிட்டன. அவற்றில் பல இன்று லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

லினக்ஸ் மட்டும் பழையதை என்றென்றும் தாங்குமா என்று கேட்கலாம். தாங்காது. லினஸ் தவணையில் வாங்கிய அந்த 386 வகைக்கான ஆதரவை 2012-இல் லினக்ஸே நீக்கிவிட்டது! எந்தப் பொருளுக்கும் முதுமை உண்டு. ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம். பழைய லினக்ஸின் மூலநிரல் இன்றும் எல்லோருக்கும் கிடைக்கிறது. தெரிந்தவர் எடுத்துத் திருத்தி அந்தக் கிழட்டுப் பெட்டியை ஓட்டலாம். "கூடாது" என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு வரி நிரலும் எழுதத் தெரியாது என்பது உண்மையே. கைக்கடிகாரத்தைப் பழுது பார்க்கவும் நமக்குத் தெரியாது. தெரிந்தவரிடம் கொடுக்கிற உரிமை நமக்கு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கணினிக்கும் அந்த உரிமை வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.