சட்டாம்பிள்ளை முதல் பால்சகி வரை: மும்பையில் பெருவகுப்புக் கற்பித்தல் வந்த வழி

தாராவி, செம்பூர்ப் பகுதிப் பொதுப்பள்ளிகளில் மாணவர் கூட்டத்தைச் சமாளிப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையோடு விவாதம் முடிந்துவிடுகிறது. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் பெரிய வகுப்பை நிலைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் அருகில் ஒருவரை அமர்த்துவதே பயன் தந்த வழி என்பதை இருநூறாண்டு வரலாறு காட்டுகிறது.

அந்த வழி நம் திண்ணைப் பள்ளியில் இருந்தது. முன்னேறிய மாணவனான சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பான். வாத்தியார் ஒவ்வொருவராக அழைத்துப் பாடம் கேட்பார். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் முடியாது என்றார். பெல், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அகரவரிசை வகுப்பை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் வெளியான பெல்லின் அறிக்கை வழியே, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் இந்த வழி 'மதராஸ் முறை' எனப் பரவியது. ஏறத்தாழ இதே முறையைக் கையாண்ட ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்றார். சிக்கனமே நோக்கமானதும் முறை மனப்பாடத்தில் சிக்கியது. அதன் சரிவுக்கு அதுவே காரணம் என்பது என் கருத்து.

பம்பாயில் 1815-இல் தொடங்கிய ஏழைகள் கல்விச் சங்கத்தின் பள்ளிகளும் இம்முறையைத் தழுவின. பின்னர் ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர், ஒரு கரும்பலகை என்ற அமைப்பு நிலைபெற்றது. மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம். பின்தங்கியவர் கடைசி பெஞ்சில் மௌனமாகத் தங்கினர்.

அந்த மௌனத்தைக் கலைத்த முயற்சியும் மும்பையில்தான் பிறந்தது. 1990-களின் நடுவில் மாதவ் சவான், ஃபரீதா லாம்பே ஆகியோர் முன்னெடுத்த 'பிரதம்' அமைப்பு, மாநகராட்சிப் பள்ளிகளில் பால்சகிகளை நியமித்தது. அக்கம்பக்கத்திலேயே வசிக்கும், உயர்நிலைப் படிப்பு முடித்த இளம்பெண்கள் அவர்கள். இரண்டு வாரப் பயிற்சி, சொற்ப ஊதியம். மூன்று, நான்காம் வகுப்பில் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் அழைத்துச் சென்று, காலி அறையிலோ மைதானத்திலோ தாழ்வாரத்திலோ அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் அபிஜித் பானர்ஜி, ஷான் கோல், எஸ்தர் டூஃப்ளோ, லீ லிண்டன் நடத்திய ஆய்வில், பால்சகியிடம் சென்றவர்களின் மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. வகுப்பிலேயே தங்கிய மற்றவர்களுக்குக் கூட்டம் குறைந்தும் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. தலையெண்ணிக்கையைக் குறைப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பாடம் தொடக்கப் பள்ளியோடு நின்றுவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 8 வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒன்பதாம் வகுப்பு அதன் எல்லைக்கு வெளியே. தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழ்வழியிலிருந்து ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ மாறுவது உயர்நிலைக்குப் போகும்போதுதான். அப்போதுதான் நிலைவாரிக் குழு மிகவும் தேவை. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளின் கால அட்டவணையிலேயே தினமும் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கி, குழுவை நடத்துபவருக்கு முறையான ஊதியம் தர மாநகராட்சியும் மாநில அரசும் முன்வர வேண்டும்.