பழைய பயர்வாலில் தங்கிவிடும் 180 நாள்

2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசரநிலை மறுவினைக் குழு, அதாவது செர்ட்-இன், ஓர் உத்தரவு பிறப்பித்தது. சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்லும் விதிதான் அப்போது அதிகம் பேசப்பட்டது. பழைய பயர்வாலைக் கழற்றிப் புதியதை மாட்டப் போகிறவருக்கு வேண்டியவை வேறு விதிகள். திருத்தணி மலையடிவாரத்து லாட்ஜ் ஒன்றுக்கு அவை எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம்.

விதி யாருக்கு: சேவை வழங்குவோர், இடைநிலையர், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள்.

நிறுவனம் என்றதும் டைடல் பார்க்கை நினைக்க வேண்டியதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, தனியொருவர் நடத்தும் வணிகத்தையும் நிறுவனக் கணக்கில் சேர்க்கிறது. அந்த அளவுகோலை வைத்தால், ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் காவடியோடு வருகிறவர்களுக்கு அறையும் வைஃபையும் தரும் லாட்ஜும் தப்பாது.

கடிகாரம்: தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் புதிய பயர்வால் பெட்டிகளில் சில, முதன்முதலாக இயக்கும்போது அமெரிக்கப் பசிபிக் நேரத்தில்தான் இருக்கும். யாரும் மாற்றாவிட்டால் பழைய பதிவுக்கும் புதியதற்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விழும்.

பதிவு: எல்லாக் கருவிகளின் லாக்குகளையும் சுழற்சி முறையில் 180 நாள் இந்திய எல்லைக்குள் பாதுகாக்க வேண்டும்.

நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ‘பேக்கப் எடுத்தாச்சு சார்’ என்று பெட்டியை மாட்ட வரும் பையன் சொன்னால், அவன் எடுத்தது கான்ஃபிக் மட்டும். விதிகள், முகவரிகள், விபிஎன் எல்லாம் அதில் வரும், லாக் வராது. லாக் பழைய பெட்டியின் வட்டில் இருக்கும். வட்டில்லாத சிறிய மாடல் என்றால் நினைவகத்தில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் போச்சு. மாற்றுகிற நாளில் புதிய பெட்டிக்குக் கடந்த காலமே கிடையாது. முந்தைய ஆறு மாதமும் பழையதில்தான். அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டால், எந்த அறையிலிருந்து எந்த இரவு என்ன நடந்தது என்று போலீஸ் கேட்கும்போது காட்ட ஒன்றும் இராது.

பல வாரம் முன்னதாகவே லாக்குகளைச் சேர்த்துவைக்கும் ஒரு சிஸ்லாக் சர்வர் வைத்து, பழைய பெட்டியின் பதிவுகளை அதற்கு அனுப்பத் தொடங்குவதே நல்லது. புதியதும் அங்கேயே அனுப்பினால் தொடர்ச்சி அறுபடாது. அதற்கு முந்தைய லாக்கைத் தனியாக ஏற்றுமதி செய்து, திறந்து படித்துப் பார்க்க வேண்டும்.

எல்லைக்காகப் போராடி, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறிய ஊர் திருத்தணி. உத்தரவு சொல்லும் எல்லை அவ்வளவு கறாரானதல்ல. அடுத்த மாதம் வந்த கேள்வி-பதில் விளக்கம், கேட்டால் உரிய நேரத்தில் கொடுக்க முடியுமானால் வெளிநாட்டிலும் வைக்கலாம் என்று தளர்த்தியது. அதே விளக்கம் பயர்வால் லாக்கைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

தொடர்பாளர்: செர்ட்-இன்னுடன் பேச ஒருவரை நியமிக்க வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவராகவும் அவர் இருந்தால் நல்லது.

உத்தரவு பேசாத ஒன்று, கான்ஃபிக் கோப்பு. கடவுச்சொற்களும் விபிஎன் சாவிகளும் அதற்குள் இருக்கின்றன. 2025 ஜனவரியில் 15,000-க்கும் மேற்பட்ட ஃபோர்டிகேட் கருவிகளின் கான்ஃபிக் வெளியே கசிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சோனிக்வால் தன் மேகக்கணி பேக்கப்புகள் திருடப்பட்டதை அறிவித்தது. ஆகவே குறியாக்கம் செய்த பேக்கப்பே எடுக்க வேண்டும்; மாற்றம் முடிந்ததும் சாவிகளையும் மாற்றிவிட வேண்டும். மாடல் வேறானால் போர்ட் பெயர்கள் ஒத்துவராது. கோப்பை அப்படியே ஏற்றாமல் விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் இணையம் வரவில்லையா? மோடம் பழைய பெட்டியின் மேக் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். ஆடிக் கிருத்திகை வாரத்திலும் டிசம்பர் 31 படித் திருவிழாவிலும் இந்த வேலையே வேண்டாம்.